மேல் வரிசையில் மூன்று எழுத்துகள்

குழந்தைக்கு ஏப்பம் விடவைப்பதுபோல லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தலைமுடியும் கொஞ்சம் தூசியும் மேசையில் விழுந்தன. காதில் கம்பெனியின் உதவி மையத்துக்காரன் பேசினான். "தட்டிட்டீங்களா மேடம்? இப்ப நிமித்தி வெச்சு அமுக்கிப் பாருங்க."

அமுக்கினாள். கீபோர்டின் மேல் வரிசையில் அடுத்தடுத்து இருந்த மூன்று எழுத்துகளும் கீழே போய் மேலே வந்தன. திரையில் ஒன்றும் வரவில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"காலையிலேர்ந்து அதைத்தான் பண்றேன் சார். பிரஷ் வெச்சும் துடைச்சாச்சு. நீங்க சொன்ன செட்டிங்கையும் மாத்திட்டேன்."

"வேற கீபோர்டு மாட்டிப் பாருங்க."

"பக்கத்து வீட்ல வாங்கி மாட்டினேன். வெளியிலேர்ந்து எதையும் மாட்ட முடியாதபடி நீங்கதானே பூட்டு போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஓ, ஆமால்ல," என்றான், ஏதோ புதுச் செய்தி கேட்டவன்போல.

அவளுடைய வேலையும் அதேதான். கம்பெனி விற்ற துணி துவைக்கும் இயந்திரம் சுற்றவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லி வீட்டிலிருந்தபடி பதில் தட்டுவாள். அந்த வாரம் முடிந்தால் சோதனைக் காலம் முடியும். அப்புறம் நிரந்தரம், குடும்பத்தின் மருத்துவச் செலவு கம்பெனியின் பொறுப்பு. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கார் மெக்கானிக்கான கணவன் ஜாக்கி நழுவித் தோளை நொறுக்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். ஒர்க்ஷாப் முதலாளி முதல் நாள் பழம் வாங்கிவந்து பார்த்ததோடு கைகழுவிவிட்டார். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் கை தூக்க வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எங்கிட்ட குடுடி. நாலு ஸ்க்ரூதானே, ஒத்தக் கையாலயே கழட்டிடுவேன்," என்றான் கணவன்.

"சீல் பிரிஞ்சா வேலை போயிடும். சும்மா இருங்க."

"காருக்குள்ளயே பூந்து வந்தவன் நான். இந்தத் தட்டுக்குள்ள பூந்து பாக்க விட மாட்டேங்கறா பாரு."

திரையில் வாடிக்கையாளர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். ஒரு அம்மாள், ஈரத்துணி ஒரு கூடை கிடக்கிறது, செத்தா போய்விட்டீர்கள் என்று கேட்டிருந்தாள்.

"மாத்து லேப்டாப் வர நாளாகும் மேடம். அதுவரைக்கும் லீவாத்தான் கணக்காகும்," என்றான் உதவி மையத்துக்காரன். "இந்த வாரம் லீவு விழுந்தா நிரந்தரம் ஆகாது சார்," என்றாள். அவனே இரக்கப்பட்டு வழி சொன்னான். "ஒண்ணு பண்ணுங்க. உங்க பழைய பதில்லாம் இருக்கும்ல? அதுலேர்ந்து வேணுங்கற வார்த்தையைக் காப்பி பண்ணி ஒட்டிக்குங்க."

செய்து பார்த்தாள். ஒட்டுத்துணி தைப்பதுபோல இருந்தாலும் பதில் போயிற்று.

"இப்போதைக்கு வேலை ஓடுதுல்ல?"

தொல்லை பிடித்தவள் என்று இந்த வாரம் பெயர் வாங்கக் கூடாது. "ஓடுது சார். ரொம்ப நன்றி," என்றாள்.

வாரக் கடைசியில் டீம் லீடர் போனில் கூப்பிட்டாள். "உங்க பதில்ல பாதிக்கு மேல காப்பின்னு சிஸ்டம் காட்டுதே மேடம். ஒவ்வொருத்தருக்கும் புதுசா எழுதணும்னு விதி இருக்கே."

"கீபோர்டு வேலை செய்யல. உதவி மையத்துலதான் அப்படிப் பண்ணச் சொன்னாங்க."

"அந்தப் புகாரை அன்னிக்கே முடிச்சாச்சே. ஓடுதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. குரல் பதிவு இருக்கு, போடட்டுமா?"

"வேணாம்."

"நிரந்தரம் பண்ண வழியில்ல மேடம். லேப்டாப்பை எடுத்துக்க ஆள் வருவாங்க." குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருக்கலாம்.

கணவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "ஏன்டி ஓடுதுன்னு சொன்ன?"

"ஓடலன்னு சொன்னா மட்டும் தூக்கி மடியில வெச்சுப்பாங்களா?" என்று கத்தினாள். கோபம் அவன்மேல் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவன் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் கூரியர்க்காரன் வந்தான். வாசலிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைப் பெட்டியில் வைத்து டேப் சுற்றினான். பையிலிருந்து ஒரு முகவரிச் சீட்டை எடுத்து ஒட்டினான். ஏதோ ஒரு பெண்ணின் பெயர், மாடி வீட்டு எண்.

"ஆபீசுக்குப் போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, நேரா அடுத்த ஆளுக்குத்தான். நாளைக்கு வேலைல சேர்றாங்களாம்."

"தம்பி, அதுல மூணு எழுத்து வேலை செய்யாது."

அவன் தன் போனை நீட்டினான். "அப்ப சேதம்னு இருக்கறதை அமுக்குங்க. ஆனா ரிப்பேர் செலவை உங்க கடைசி சம்பளத்துலதான் புடிப்பாங்க. நல்லா இருக்குன்னா இதை அமுக்கிட்டு, கீழ கையெழுத்து."

உள்ளே கட்டில் முனகியது. கணவன் நல்ல கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பெட்டியின் மேலிருந்த பெயரை இன்னொரு முறை படித்தாள். பிறகு 'நல்ல நிலை' என்பதை அமுக்கி, விரலால் கையெழுத்துப் போட்டாள்.