வெள்ளீயச் சொட்டு

கரைந்த தங்கத்தைக் கீழே இறக்கும் பொடியைப் போட்டு அரை மணி நேரமாகியும் குடுவையின் அடியில் ஒரு துளி தங்கம் படியவில்லை. திராவகக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். திரவம் பச்சையாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

"என்ன எழவு இது? இறங்கவே மாட்டேங்குது!"

கொட்டகை வாசலில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். ஏழு மாச உழைப்பு அந்தக் குடுவைக்குள் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் பலகைகளிலிருந்து தங்க முலாம் பூசிய ஊசிகளைக் குறடால் பிடுங்கிப் பிடுங்கி இருவருக்கும் விரல் நுனி மரத்தே போய்விட்டது. எப்படியும் அஞ்சு பவுன் தேறும். அதை வைத்துத் தெருமுனையில் ஒரு கடை பிடித்து, போன் உறையும் சார்ஜரும் விற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று திட்டம். இருபது வருஷத் திராவகப் புகை மனிதரின் நெஞ்சில் குடியேறிவிட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னமும் அந்தப் புகையில நின்னார்னா, என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லியிருந்தார். இதுதான் கடைசிக் கரைப்பு என்று அவரும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"சொட்டு மருந்தைக் கொண்டா. தங்கம் இருக்கா இல்லையான்னே பாத்துடுவோம்."

சொட்டு மருந்து அவள் பொறுப்பு. வெள்ளீயத்தை அமிலத்தில் கரைத்துச் சின்னப் புட்டியில் வைப்பாள். தங்கம் கரைந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் கொடுக்கும். ஆனால் அது பத்து நாளில் செத்துப்போகிற மருந்து. இந்த மாசம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அவள் புதிதாகக் காய்ச்சவில்லை. வீட்டில் வெள்ளீயமும் தீர்ந்திருந்தது.

"புதுசுதானே?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்து ஆளை இரண்டாக மடக்கியது.

கடைக்கு ஓடி, வாங்கி வந்து, காய்ச்சி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை இவர் இந்தப் புகையில் நிற்பார். வெளியே வாங்க என்றால் கேட்கிற ஆளா?

"புதுசுதான்" என்றாள்.

பாவி மனுஷி, சொல்லிவிட்டாள்.

காகிதத்தில் திரவத்தைத் தொட்டு வைத்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். ஒன்றுமில்லை. இன்னொரு சொட்டு விட்டார். அப்போதும் ஊதா வரவில்லை. மூணு வாரம்தானே ஆச்சு, கொஞ்சமாவது உயிர் இருக்காதா என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாயைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

"ஒரு பொட்டுத் தங்கம் இல்ல! வெறும் பித்தளையை நம்ம தலையில கட்டிட்டான்!"

பதினைந்து வருஷமாகப் பலகைச் சரக்குக் கொடுக்கும் இரும்புக்கடைக்காரரைப் போனில் பிடித்தார். வாய்க்கு வந்தபடி ஏசினார். "என் புள்ளைங்க மேல ஆணையா நல்ல சரக்குதாங்க" என்று அந்த மனிதர் கதறுவது வாசல் வரை கேட்டது. போனை வைத்த கையோடு குடுவையில் சுண்ணாம்பைக் கொட்டி, நுரை அடங்கியதும் அத்தனையையும் சாக்கடையில் ஊற்றி, மேலே நாலு வாளித் தண்ணீரும் விட்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்காமல் அப்படியே இருந்தார். கையுறையில் ஓட்டை இருந்திருக்கிறது. ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஊதாவாக இருந்தன. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தார். போகவில்லை. தங்க நீர் பட்ட தோல் மறுநாள் இப்படித்தான் நிறம் மாறும். தொழிலில் இருக்கிற யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அந்த மருந்து..." என்று இழுத்தார்.

"பழசுங்க. வெள்ளீயம் தீர்ந்து போச்சு. நீங்க இருமிக்கிட்டே நின்னீங்களா, சீக்கிரம் வெளிய வந்தாப் போதும்னு..."

"அப்போ திராவகம்தான் மிச்சம் நின்னிருக்கு" என்றார், யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோல. "அது போகாம பொடி வேலை செய்யாது. இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சியிருந்தா, எல்லாம் இறங்கியிருக்கும்."

அவள் ஓடிப்போய்ச் சாக்கடை மூடியைப் புரட்டினாள். தெரு முழுக்கத் துவைத்த சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எழுந்திரு. யாராவது பாக்கப் போறாங்க" என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். அந்த மனுஷன் திட்டவில்லை. இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "தப்பு என் மேலதான். அவசரப்பட்டுட்டேன். மறுபடி சரக்கு அனுப்புங்க" என்றார். அவள் பெயரை எடுக்கவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலமே இரண்டு மூட்டை வந்து இறங்கியது. பத்து நாள் பிடுங்கிச் சேர்த்த ஊசிகளைக் குடுவையில் போட்டு அவர் திராவகத்தை ஊற்றத் தொடங்கியபோது, அவள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"தள்ளுங்க. நான் நிக்கிறேன். நீங்க வெளிய உக்காந்து சொல்லுங்க, அது போதும்."

சொல்லிவிட்டு ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூட அவளை அந்தப் புகைக்குள் விட்டவரில்லை. "காலை உடைச்சிடுவேன், என் நெஞ்சு ஒண்ணு கெட்டது போதும்" என்று துரத்துகிறவர். இன்றைக்கும் துரத்தட்டும் என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். கையுறைகளைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போய் உட்கார்ந்தார்.