வீட்டுக் கணக்கில் வராத அறை

ஜூடித் அப்பாவின் உதட்டில் உட்கார்ந்திருந்த ஈயை ஓட்டினாள். அது எழும்பிக் கூரை வரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே உதட்டுக்கே திரும்பி வந்தது. நீலமாக மினுங்குகிற, கொழுத்த ஈ. இரண்டாம் தடவை ஓட்டியபோது அவள் விரல் அவர் உதட்டில் பட்டுவிட்டது. பசை போல ஒட்டியது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். துடைத்ததை அவர் பார்த்துவிட்டாரோ என்று நிமிர்ந்தாள். அப்பா க்ளைவ் கண்ணை மூடியிருந்தார்.

ஜூலை மாதம், மதியம் இரண்டு மணி. சுவரில் தொங்கிய வெப்பமானி முப்பத்தொன்பதில் நின்றது.

வீட்டின் பின்சுவரில் ஒட்டவைத்த கண்ணாடி அறை அது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் மூன்று பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் தகடு. வெயிலின் வெளிச்சம் கண்ணாடி வழியே தடையில்லாமல் உள்ளே வந்துவிடும். தரையிலும் நாற்காலியிலும் விழுந்து சூடாக மாறும். அந்தச் சூடு வெளியேறத்தான் பார்க்கும், ஆனால் வெயில் கொட்டுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. குளிர்காலத்தில் கொட்டுவதற்கு வெயில் இல்லை. வெளியேறுவது மட்டும் நடக்கும். அப்போது மூச்சின் ஈரமெல்லாம் கண்ணாடியில் நீராகி வழிந்து மூலைக்கு மூலை கறுப்புப் பூஞ்சையாகப் பூக்கும். ஒரே அறை கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் கிணறு.

கூரைத் தகட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வரிசையாகக் குழல்கள் இருக்கும். குழல்களின் வாயை ஒரு பட்டியால் ஒட்டி மூடுவார்கள். அந்தப் பட்டி ஏழெட்டு வருஷத்தில் இற்றுவிடும். ஈக்கள் நுழையும். குழலுக்குள் திரும்ப இடமில்லாமல் முன்னாலேயே நடந்து, நடந்த இடத்தில் சாகும். பத்து வருஷத்து ஈக்கள் க்ளைவின் தலைக்கு மேல் வரிசை வரிசையாகக் கிடந்தன. கூரையை முழுதாகக் கழற்றாமல் அவற்றை எடுக்க முடியாது. படுத்திருக்கிறவர் ஆறு வாரமாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூடித்துக்கு இதெல்லாம் மனப்பாடம். வாங்கப் போகிறவர்களுக்காக வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. விக்ஸ்டன் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பின்னால் இப்படி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 'அறை எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை' என்ற வாக்கியத்தை வாரத்துக்கு மூன்று தடவையாவது எழுதுவாள்.

அவளுக்கு அன்று ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அப்பாவின் மூச்சு நிற்பதற்குள் அவரை இந்தக் கொட்டகையிலிருந்து எடுத்து வீட்டுக்குள், குளிர்ச்சியாக இருந்த முன்னறையில், மனிதர் சாகத் தகுந்த ஓர் இடத்தில் படுக்கவைக்க வேண்டும். வாசல்படி உயரத்தைத் தாண்ட ஒரு பலகை அறுத்துக் கொண்டுவந்திருந்தாள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. வந்துபோகும் செவிலி பெர்னி கைகொடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

பெர்னி தோட்டத்துக் கதவு வழியாக உள்ளே வந்தாள். "அய்யோ, என்ன க்ளைவ் இது! இன்னும் பத்து நிமிஷம் விட்டா வெந்த முட்டை ஆயிடுவீங்க."

"உரிச்சுப் பாரு, வெந்துட்டேனான்னு," என்றார் க்ளைவ். கண்ணைத் திறக்கவில்லை.

பெர்னி போர்வையை விலக்கினாள். வயிற்றில் ஒட்டியிருந்த பை நிரம்பி உப்பியிருந்தது. அவள் அதை எடுத்ததும் நாற்றம் எழும்பி, போக இடமில்லாமல், அறையிலேயே நின்றது. அழுகின பழமும் இரும்பும் கலந்தது போன்ற நாற்றம். ஜூடித் வாயால் மூச்சுவிட்டாள். வாயால் விட்டால் நாக்கில் ருசித்தது. மின்விசிறி அந்தக் காற்றையே எடுத்து அவள் முகத்தில் திரும்பத் திரும்ப அப்பியது.

வீட்டுக்குள் போகிற கதவு லேசாகத் திறந்தது. அம்மா மேவிஸ் தேநீர்க் கோப்பையோடு வாசலிலேயே நின்றாள். மூக்கில் கைக்குட்டை. அதில் லாவண்டர் தைலம் தெளித்திருப்பாள்.

"கதவு, மேவிஸ்," என்றார் க்ளைவ்.

"தெரியுது. ஜூடி, இத வாங்கிக்கோ."

"உள்ள வாம்மா. ஒரு நிமிஷம்."

"அடுப்புல ஏதோ இருக்கு."

அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். கதவு சாத்திக்கொண்டது. சாத்தும்போது சப்பென்று ஒரு சத்தம் வந்தது. ரப்பர் பட்டி நிலையில் அமுங்குகிற சத்தம். அது வெளிக்கதவு. இரட்டைக் கண்ணாடி, மூன்று தாழ்ப்பாள், சுற்றிலும் ரப்பர். கண்ணாடி அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் தெருவுக்குப் போடுகிற மாதிரியான கதவு இருந்தால், இந்த அறைக்குக் கட்டட விதிகள் கிடையாது. ஆழமான அஸ்திவாரம் வேண்டாம், சூடு தாங்கும் கூரை வேண்டாம். ஏனென்றால் விதியின் கண்ணில் அது வீடே இல்லை.

பெர்னி பையை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கை கழுவத் தோட்டத்துக் குழாய்க்குப் போனாள். ஜூடித் பலகையை வாசல்படியில் சாய்த்துப் போட்டாள்.

"அது எதுக்கு?" என்றார் க்ளைவ்.

"உங்கள முன்னறைக்குக் கொண்டுபோறோம்பா. அங்க இருபத்திரண்டுதான் இருக்கு."

"நீ அப்பாவப் பாக்க வந்தியா, வீடு சோதிக்க வந்தியா?"

"பேசாம இருங்க. இந்த எழவெடுத்த டப்பாவுக்குள்ள மனுஷன் இருப்பானா? பாருங்க, ஈ. ஈ வந்து மொய்க்குது உங்க மேல."

அவள் குனிந்து கட்டில் சக்கரத்தின் தடையைக் காலால் தட்டினாள். கட்டில் ஓர் அங்குலம் அசைந்தது. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. வீட்டின் அஸ்திவாரம் இடுப்பளவு, இதனுடையது முழங்காலளவு. கோடையில் களிமண் சுருங்கும்போது வீடு நிற்கும், இது மட்டும் இறங்கும். சுவர் சேருமிடத்தில் ஒரு விரல் நுழைகிற விரிசல் இருந்தது.

"ஜூடி. தடையப் போடு."

"மாட்டேன்."

"அந்த முன்னறையில உங்க பாட்டி செத்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. உங்கம்மா அங்க ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கியா?"

அவள் பலகையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

"ரெண்டு தடவ கம்பளம் மாத்தினேன். சுவருக்கு வெள்ளையடிச்சேன். இன்னும் நாறுதுங்கறா. ஒண்ணும் நாறல. ஆனா அவளுக்கு நாறுது." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். மூச்சு உள்ளே போகும்போது நனைந்த துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். "பாவம், அடுப்பங்கரையில ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தா. அதான் அடுத்த வருஷமே இத கட்டினேன். உக்கார ஒரு இடம்."

"அம்மா இங்கயும் உக்காரலையேப்பா."

"வெயிலு. இல்லன்னா குளிரு. வருஷத்துல ஒன்பது நாள் நல்லாருக்கும், அந்த ஒன்பது நாளும் அவ சந்தைக்குப் போயிருப்பா." சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. உதட்டோரத்தில் பழுப்பாக ஏதோ வந்தது. ஜூடித் பஞ்சை எடுத்து ஒற்றினாள்.

"மூணு கிறிஸ்மஸுக்கு முந்தி உன்னக் கேட்டேன். 'தொழில்காரியா சொல்லு, இது பிரயோசனமா'ன்னு. நீ என்ன சொன்னே?"

அவளுக்கு நினைவிருந்தது. கையில் ஒரு கோப்பை மதுவோடு, எல்லாரும் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"சொல்லேன்."

"கழட்டிப் போட்டா வீட்டுக்கு மதிப்பு கூடும்னு."

"எத்தன நாள் வேலன்னு சொன்னே?"

"ரெண்டு ஆளு, ரெண்டு நாள்."

"ஆங். நான் உள்ள வந்து செத்து, அவகிட்ட மிச்ச வீட்டையும் பிடுங்கச் சொல்றியா? இது வேற, வீடு வேற. நான் போனதும் கழட்டி எறிஞ்சிடு. நாத்தமும் சேந்து போயிடும்." அவர் கண்ணைத் திறந்து வாசல்படியைப் பார்த்தார். "அந்தத் துண்டு விலகியிருக்கு பாரு. நல்லா செருகு."

கதவின் அடியில் சுருட்டி வைத்திருந்த துண்டைப் பலகை தள்ளிவிட்டிருந்தது. ஆறு வாரமாக அதைத் தண்ணீர் வராமல் இருக்க வைத்ததென்று ஜூடித் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெர்னி ஈரக்கையோடு திரும்பி வந்தாள். "என்ன, தூக்கலாமா?"

ஜூடித் சக்கரத்தின் தடையை மறுபடி போட்டாள். பலகையை எடுத்துப் புல்வெளியில் வீசினாள். மண்டியிட்டு, துண்டை இரண்டு விரலால் இடுக்கில் இறுக்கிச் செருகினாள்.

சாயங்காலம் ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு க்ளைவின் மூச்சு நின்றது. அப்போது ஜூடித் அவர் கக்கியதைத் அறை மூலையில் தக்காளித் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த வாளியில் கொட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தக் கிழிகிற சத்தம் வரவில்லை. திரும்பினாள். ஈ உதட்டில் உட்கார்ந்திருந்தது. இந்த முறை அவள் கையை வீசவில்லை. உள்ளங்கையால் அவர் வாயை மூடினாள். அப்படியே வைத்திருந்தாள்.

அடுப்பங்கரையில் மேவிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, உரிக்க வேண்டியதில்லாத உருளைக்கிழங்குகளை உரித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"கதவச் சாத்திட்டு வந்தியா?"

"சாத்திட்டேன்மா."

"சரி," என்றாள் மேவிஸ். கத்தியை எடுத்து அடுத்த கிழங்கை உரித்தாள்.

ஏழு மணிக்கு உடலை எடுக்கிறவர்கள் வந்தார்கள். வெயில் இன்னும் தோட்டத்தில் கிடந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர். பெரியவர் உள்ளே வந்ததும் தாடையை இறுக்கிக்கொண்டார். தொழில் பழக்கம், முகத்தில் வேறொன்றும் தெரியவில்லை. சின்னவன் நெற்றியிலிருந்து வேர்வை கட்டில்மேல் சொட்டியது. தோட்டத்துக் கதவைத் திறந்து, புல்லைத் தாண்டி, குப்பைத் தொட்டிகள் இருந்த பக்கச் சந்து வழியாகத் தூக்கிப் போனார்கள். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை.

"இந்தச் சந்துக் கேட்டு நல்ல அகலமா இருக்கும்மா," என்றார் பெரியவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "இந்தத் தெருவுல எல்லாம் சரிச்சுத்தான் தூக்கணும். எங்களுக்கே சங்கடமா இருக்கும்."

மே மாதம், இன்னும் நிற்க முடிந்தபோது, க்ளைவ் ஆள் வைத்து அந்தக் கேட்டை அகலமாக்கினார். 'குப்பத்தொட்டி பெருசா குடுத்துட்டாங்கல்ல' என்று சொன்னார். ஜூடித் கேட்டின் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பூச்சு புதிது. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தாள்.

நடையிலேயே நாறியது. தன் சட்டையிலிருந்துதான் என்று நினைத்து முகர்ந்து பார்த்தாள். சட்டையும் நாறியது, ஆனால் இது அதைவிடக் கனம். முன்னறை, மாடிப்படி, கோட்டுகள் தொங்கிய கொக்கி என்று எங்கும் அந்த அழுகின இனிப்பு.

அடுப்பங்கரையில் யாரும் இல்லை. உரித்த கிழங்குகள் கறுக்க ஆரம்பித்திருந்தன. வெளிக்கதவு சுவரோடு சுவராக மலரத் திறந்திருந்தது. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பூவாளி முட்டுக் கொடுத்திருந்தது. துண்டு மடித்து அடுப்பின்மேல் கிடந்தது.

மேவிஸ் பிரம்பு நாற்காலியில், வெற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். கைக்குட்டையைக் காணோம்.

ஜூடித் பூவாளியை நகர்த்தக் குனிந்தாள். "அம்மா, வீடு பூரா வருது."

"விடு."

"அப்பா சாத்தச் சொல்லியிருந்தாரும்மா."

"ஆமா. எனக்கும் கேட்டுது. விடு, திறந்தே கிடக்கட்டும்."

ஜூடித் நிமிர்ந்தாள். சூடான காற்று எப்போதும் கதவின் மேல்பாதி வழியாக வீட்டுக்குள் போகும். அது விட்டுப்போன இடத்துக்குக் குளிர்ந்த காற்று கீழ்ப்பாதி வழியாக வரும். அவள் கணுக்காலில் வீட்டின் குளிர்ச்சி ஊர்ந்து கண்ணாடி அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலே, அடுப்பங்கரைச் சுவரில், நாட்காட்டியின் ஜூலைத் தாள் மெல்ல எழும்பி எழும்பித் தாழ்ந்தது.