ஹ்யூ டன்வுடியின் கால்மாட்டுக் கல்

ஆகஸ்ட் மாதம் வருவதே லெட்டி டன்வுடிக்குப் பிடிக்காது. வர்ஜீனியாப் பள்ளத்தாக்கின் மூலை முடுக்கெல்லாம் பரவிக் கிடக்கும் டன்வுடிகள் கார் காராக வந்து அவள் வீட்டு முற்றத்தில் இறங்குவார்கள். பன்றித் தொடையும் சோள ரொட்டியும் பீச் பழப் பணியாரமுமாக மேசை நிறையும். சாப்பிட்டு முடித்ததும் கூட்டம் மேட்டுக்கு ஏறி, குடும்பத்தின் முதல் மனிதர் ஹ்யூவின் கல்லறையைச் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். மறுநாள் பாத்திரம் கழுவ லெட்டி மட்டும் மிஞ்சுவாள்.

அவள் அப்பா சாகும்போது செய்துவைத்த ஏற்பாடு அப்படி. நிலமும் வீடும் குடும்பம் முழுவதற்கும் பொது. லெட்டி அங்கேயே இருந்து கல்லறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பதென்றால் ஆகஸ்ட் கூட்டம் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் பட்டணம் பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டில் அகப்பட்டவள் இவள்தான். கடற்கரையில் இருக்கும் மகள் காரின், "ஒரு ரூம் சும்மாதாம்மா கெடக்கு, வந்துடேன்" என்று போனில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். முட்டி தேய்ந்துபோன வயதில் கையை வீசிக்கொண்டு போய் மகள் வீட்டில் உட்கார லெட்டிக்கு மனம் ஒப்பவில்லை. தன் பங்கு கைக்கு வந்தால் அன்றே கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு வருடமும் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் பெரியப்பா மகன் ராய்ஸ், குடும்பச் சங்கத்தின் தலைவர் என்று தொப்பியிலேயே எழுதி மாட்டிக்கொண்டவன், அதே பதிலைச் சொன்னான்.

"ஹ்யூ படுத்திருக்கற மண்ண விக்கிறதா? நல்லா இருக்கு நீ கேக்கிறது!"

போன வருடம் ஏப்ரலில்தான் புல் வெட்டும் இயந்திரம் மேட்டில் எதிலோ மோதி, தகடு வளைந்து நின்றது. திட்டிக்கொண்டே குனிந்து மண்ணைக் கிளறினாள். ஒரு கல். சிறியது, ஆனால் உளி பட்டது. பெயரும் இறந்த வருடமும் மட்டுமே வெட்டியிருந்த ஹ்யூவின் தலைமாட்டுக் கல்லுக்கு நேர் எதிரே, நேராக நட்டு, மண்ணில் அமிழ்ந்துபோன கல்.

அந்தப் பக்கத்துப் பழைய கல்லறைகளில் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல் இருக்கும். புதைத்தவர்கள் இரண்டையும் சேர்த்தே நடுவார்கள். ஹ்யூவின் கால்மாட்டுக் கல் எப்போதோ தொலைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். லெட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலைமாட்டுக் கல்லில் தலையை வைத்துப் புல்லில் மல்லாந்து படுத்தாள். கால்மாட்டுக் கல் அவள் தொடையில் இடித்தது. அவள் ஒன்றும் நெட்டைப் பெண் இல்லை; ஆறடி ஹ்யூ இதற்குள் அடங்கியிருக்கவே முடியாது.

அன்றைக்குத் தொடங்கியது தேடல். ஹ்யூ இங்கே இல்லையென்றால் எங்கே? அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து கப்பலேறி, பிலடெல்பியாவில் இறங்கி, வண்டிப் பாதை பிடித்துத் தெற்கே வந்தவர். அந்தச் சனம் ஓரிடத்தில் உட்காராது. அப்பாதை கரோலைனாவுக்குள்ளும் இறங்குகிறது. குளிர்காலம் முழுவதும் லெட்டி அந்தப் பாதையோடு தன் பழைய காரை ஓட்டி, சர்ச் சர்ச்சாக இறங்கிக் கல்லறைகளைப் பார்த்தாள். மார்ச் மாதத்தில், செம்மண் மேட்டிலிருந்த ஒரு பிரெஸ்பிட்டேரியன் சர்ச்சில் கண்டுபிடித்தாள். ஹ்யூ டன்வுடி, அல்ஸ்டரைச் சேர்ந்த ஆன்ட்ரிமில் பிறந்தவர். பக்கத்தில் மனைவி ஜெனட். அதற்கடுத்து மகன், அவன் பெயரும் ஹ்யூ. பள்ளத்தாக்குக் கல்லில் வெட்டியிருந்த சாவு வருடத்துக்கு மறுவருடம் பிறந்தவன். ஒரு பிள்ளை இறந்தால் அதன் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். லெட்டிக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் குளிரில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

இந்த ஆகஸ்டில் கூட்டம் மேட்டுக்கு ஏறியது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி, அரைத்த மாவையே அரைக்கத் தொடங்கினான். "நம்ம ஹ்யூ ஆறடிக்கு மேல உயரம். கோடாலியும் பைபிளும் மட்டும் எடுத்துக்கிட்டு வந்தாரு..."

"ராய்ஸ், கொஞ்சம் படேன்" என்றாள் லெட்டி.

"என்னது?"

"அந்தக் கல்லுல தலைய வச்சுப் படு. நீயும் ஆறடிதானே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு மச்சான் கத்தினான்: "படுய்யா, எப்படியும் ஒருநாள் படுக்கப்போறதுதானே!" ராய்ஸ் தொந்தியைச் சரித்துப் படுத்தான். லெட்டி புல்லை விலக்கிக் கால்மாட்டுக் கல்லைக் காட்டினாள். அது அவன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சிரிப்பு அடங்கியது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கரோலைனாவில் கிடப்பவரைச் சொன்னாள். ஜெனட்டைச் சொன்னாள். "இங்க இருக்கறது அவங்க பையன். ரெண்டு மூணு வயசு இருக்கும். புள்ளையப் பொதச்சுட்டு, நிலத்தப் பெரிய பசங்ககிட்ட விட்டுட்டு அவங்க கெளம்பிட்டாங்க. ஹ்யூ இங்க இல்ல. இனிமே விக்கிறதுக்கு என்ன தடை?"

ராய்ஸ் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினான். முகம் பீட்ரூட் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் அவனுக்கு முன்னால் மேவிஸ் அத்தை பேசிவிட்டாள். நல்ல மனுஷி, லெட்டியின் கல்யாணத்துக்குக் கேக் செய்தவள். கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தாள்.

"பெரியவருன்னாக்கூடப் பரவால்ல கண்ணு. இது பச்சப்புள்ள. பெத்தவங்களே விட்டுட்டுப் போன புள்ள. அத எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?"

"அதானே!" என்றது கூட்டம். பெண்கள் சிலர் அழவே தொடங்கிவிட்டார்கள். "நீ பாத்துக்கிற மாதிரி யாரு பாப்பா லெட்டி?" என்றாள் ஒருத்தி, பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டு.

ராய்ஸுக்கு உயிர் வந்தது. "விக்கக் கூடாதுங்கறவங்க கையத் தூக்குங்க." கைகள் எழுந்தன. சிலர் கையில் கோழிக்கால் இருந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கால் மணி நேரத்துக்கு முன் கேள்வியேபடாதவர்கள், அத்தனை பேரும் அவனுக்காகத் தூக்கினார்கள்.

தானே தோண்டிய குழியில் லெட்டி தானே விழுந்திருந்தாள். கிழவருக்குக் காவல் இருந்தவளை இப்போது குழந்தைக்குத் தாதியாக்கிவிட்டார்கள். அதற்கு ஓய்வே கிடையாது. எரிச்சல் உச்சிக்கு ஏறியது. அவள் அந்தக் குட்டைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கல்லையும் நேராக நட்டிருக்கிறார்கள், ஆசையாக நட்டிருக்கிறார்கள். ஜெனட் இங்கேதான் நின்றிருப்பாள். வயிற்றில் அடுத்த பிள்ளை இருந்திருக்கும். அப்புறம் வண்டியில் ஏறியிருப்பாள். நிலத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டா போனார்கள்?

"ராய்ஸ், அவங்க ரெண்டு பேரும் போறப்ப யாரக் கை தூக்கச் சொன்னாங்க?"

"என்ன உளர்றே?"

அவள் குனிந்தாள், முட்டி நொறுங்குவதுபோல வலித்தது. கால்மாட்டுக் கல்லின் மேல் ஒட்டியிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். பிறகு கவுன் பையிலிருந்து புல் இயந்திரத்தின் சாவியையும் வீட்டுச் சாவியையும் எடுத்து, ராய்ஸின் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள்.

"என் பங்கு எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்குங்க."

"எங்க போறே லெட்டி? வெறுங்கையோடவா?"

"ஹ்யூவும் அப்படித்தான் போனாரு."

சரிவில் இறங்க ஆரம்பித்தவள் பாதியில் நின்று மேற்கே பார்த்தாள். மலைக்குப் பின்னால் மேகம் கருத்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிடு ராய்ஸ். மழ பெஞ்சா புல்லு அவன மூடிடும்."