பெரிய குழாய்

நல்லுசாமியின் தொண்டைக்கு விலை மூட்டைக்கு இரண்டணா. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மன்னவனூர் உருளைக்கிழங்கை அவர் ஏலம் கூவினால் ஏரியில் படகு விடுகிறவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையைக் கழித்துவிட்டால் மனிதர் வெறும் ஐந்தடி இரண்டங்குலம்.

அறுபத்திரண்டாம் வருஷம் அவர் முதுகிலிருந்த எலுமிச்சங்காய்க் கட்டி தேங்காயாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து டாக்டரம்மா சிவபாக்கியம், குப்புறப் போட்டு அறுப்பதால் மூச்சுக்குத் தொண்டை வழியாக ரப்பர் குழாய் விடவேண்டும் என்று சொல்லி இரண்டு குழாய்களைக் காட்டினார். இரண்டும் சேரும், ஆனால் சின்னதே போதும், தொண்டை அவ்வளவாகப் புண்ணாகாது என்றார்.

'போதும்' என்கிற வியாபாரியை நல்லுசாமி அறிவார். நல்ல சரக்கை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருப்பான்.

"ரெண்டும் என்ன விலைங்கம்மா?"

"குழாய்க்குத் தனியாக் காசு இல்லைங்க."

"அப்பப் பெரிசையே போடுங்க. நான் என்ன பஞ்சத்துல அடிபட்டவனா?"

டாக்டரம்மா மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மனைவி கந்தம்மாளும் சொன்னாள். பெரிசு இல்லையென்றால் கட்டியோடு வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் வேட்டியை இறுக்கிக் கட்டவே, டாக்டரம்மா விட்டுக்கொடுத்தார்.

புதன்கிழமை கட்டி போனது. கூடவே குரலும் போனது. எச்சில் விழுங்கினால் மீன்முள் விழுங்குகிற மாதிரி இருந்தது. வெந்நீரும் பனங்கற்கண்டும் தோற்றன. கந்தம்மாள் மட்டும் கல்யாணமான நாளாகக் கண்டிராத நிம்மதியோடு வளைய வந்தாள். இதற்குள் சுப்புராஜ், அவருடைய ஏல இடத்துக்கு ஐந்து வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டிருக்கும் இன்னொரு ஏலக்காரர், ஞாயிறு தானே கூவுவதாகக் கிழங்கு போடும் சம்சாரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சந்தை தவறினால் இடம் போச்சு.

நல்லுசாமி போய் நின்றார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வத்தலக்குண்டு வியாபாரி ஒருவர் காதைக் கொண்டுவந்தார். "இருபத்தெட்டு" என்று நல்லுசாமி முனகியது அவருக்கு மட்டும் சொன்ன ரகசியமாகப் பட்டது மற்றவர்களுக்கு.

"ஏலே, அவருகிட்ட என்ன சொன்னாரு?" என்றார் ஒருவர். பதில் வருவதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரூபாய் ஏற்றிவிட்டார். அடுத்தவர் அதற்குமேல் ஏற்றினார். அன்றைக்கு மூட்டை வழக்கத்தைவிட இரண்டு ரூபாய் கூடப் போனது. பக்கத்து வரிசையில் சுப்புராஜ் அடிவயிற்றிலிருந்து கூவினார். அங்கே ரகசியம் எதுவும் இல்லாததால் ஆளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை குரல் திரும்பிவிட்டது. அடுத்த சந்தையில் பழையபடி கூவினார். விலையும் பழையபடியே வந்தது.

மறுநாள் திங்களன்று தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மா தொண்டையை விசாரித்தார்.

"சரியாப் போச்சுங்க, அதான் நட்டம். தையல் பிரிக்க அந்தக் குழாய் வேணாங்களா?"

ஆகக் கணக்கு இது. கட்டி ஒன்று, கழிவு. மூட்டைக்கு இரண்டு ரூபாய், ஒரு சந்தைக்கு மட்டும் வரவு. 'நீங்க சொன்னதுதாம்மா சரி' என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை, இன்னும் பாக்கி.