பத்து மார்க் தளபதி

மார்க் போடுவதில் நான் கஞ்சப்பிசினாரி. பதினோரு தொகுதி படித்து முடித்தும் ஒரே ஒரு தளபதிக்குத்தான் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். அதற்கே என் தம்பி ராஜவேல் ஒரு மாதம் சண்டை பிடித்தான்.

எங்கள் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வழியில் கிடைத்த குடியுரிமையில் தம்பியும் அதே பட்டாளத்தில் சேர்ந்து சார்ஜண்ட் ஆனான். பிரான்ஸ் கடைகளில் விற்கும் மங்கா என்ற ஜப்பானியப் போர்ப் படக்கதையில் ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ரெட்டியார்பாளையத்துக்கு எனக்கு அனுப்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரும். அந்தப் பழங்காலச் சண்டைகளில் எந்தத் தளபதி கெட்டிக்காரன் என்று இருவரும் மார்க் போடுவோம்.

என் பத்து மார்க் தளபதி ஒற்றைக்கண்ணன். முப்பது பேரைக் கணவாய்க்குள் முன்னால் அனுப்பினான். அவர்கள் எங்கே விழுந்தார்களோ அதை வைத்து எதிரி ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, மூவாயிரம் பேரைக் காப்பாற்றினான். ராஜவேல் அவனுக்கு இரண்டுதான் போட்டான்.

“அவனும் கூடப் போயிருந்தா போடலாம்க்கா.”

“தளபதி செத்துட்டா படை என்னாவும், மண்டு?” என்றேன். வழக்கம்போல் நான்தான் ஜெயித்தேன்.

2009 கத்திரி வெயிலில் அவன் ஆப்கானிஸ்தானில் இருந்தான். அங்கிருந்தும் ஞாயிறு தவறாமல் கூப்பிட்டான். ஒரு ஞாயிறு, நான் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது கேட்டான்.

“அக்கா, எட்டுப் பேரு. ஒத்தையடிப் பாதை. மேல எவன் இருக்கான்னு தெரியாது. போய்த்தான் ஆவணும். நீ எப்படி அனுப்புவ?”

“இதுல என்னடா யோசன? ரெண்டு பேர முன்னால உடு. மிச்சம் ஆறு பேரு தப்பிச்சிடுவாங்கல்ல.”

“அந்த ரெண்டு பேரு?”

“ரெண்டு பேருதானடா.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டான்.

கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. புதுத் தொகுதி இன்னும் வரவே இல்லை. பழையதில் எட்டுப் பேர் போகிற சண்டை எதுவும் கிடையாது.

திருப்பிக் கூப்பிட எண் இல்லை. என் பேச்சைக் கேட்டால் இரண்டு பேர் முன்னால் போவார்கள். தானும் கூடப் போகாத தளபதிக்கு ராஜவேல் இரண்டு மார்க்குக்கு மேல் போட்டதே இல்லை. அப்படியென்றால் அந்த இரண்டு பேரில் ஒருவன் அவன்தான். பெரிய வீராங்கனை மாதிரி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு என் தம்பியை நானே மலையேற்றி அனுப்பியிருக்கிறேன்.

சொல்தா வீட்டுக்குக் கெட்ட செய்தி என்றால் பிரெஞ்சு கான்சுலேட்டிலிருந்து காரில் ஆட்கள் வருவார்கள். அந்த வாரம் தெருவில் எந்தக் கார் நின்றாலும் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன்.

“ஏண்டி பூர்ணிமா, பேயறஞ்ச மாதிரி இருக்க?” என்று அம்மா கேட்டாள். வெயில் என்றேன்.

வியாழக்கிழமை பிரெஞ்சு சேனலில் சொன்னார்கள். மலைப்பாதையில் இரண்டு வீரர்கள் பலி. குடும்பங்களுக்குத் தெரிவித்த பிறகே பெயர்கள் வெளியிடப்படும். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் டிவியை அணைத்துவிட்டு வாசல் கதவைத் தாழ்போட்டேன். கதவு திறக்காவிட்டால் செய்தி உள்ளே வராது என்று நிஜமாகவே நம்பினேன்.

ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது. ஆறாவது மணியில்தான் எடுக்க முடிந்தது.

“அக்கா.”

“பாவி, உயிரோடதான் இருக்கியா” என்று அழுதேன். அம்மா ஒன்றும் புரியாமல் போனைப் பிடுங்கிப் பேசினாள், சிரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

“நீயும் முன்னால போனியாடா?”

“இல்லக்கா.” “நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒருத்தனுக்குப் பத்தொம்போது வயசு. போடான்னதும் சிரிச்சிக்கினே போனான். நாங்க ஆறு பேரு வந்துட்டோம்.”

நான் அம்மா பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

“எத்தன மார்க்கு போடுவ?” என்றான். அவன் கேலி செய்யவில்லை. பதிலுக்காக லைனிலேயே இருந்தான்.