நனையாத இருவர்

தவராசாவும் நிஸ்தாரும் சேர்ந்திருந்தால் தண்ணீர் அவர்களை நனைக்காது. மட்டக்களப்பு வாவியில் கழுத்தளவு இறங்கி வலை இழுத்தாலும் ஒரு துளி ஒட்டாது. தனித்தனியே போனால் எல்லாரையும் போல நனைவார்கள். நிஸ்தார் காத்தான்குடி, தவராசா அதற்கடுத்த தமிழ் ஊர். இரண்டு ஊருக்கும் இது இறால் விலையைப் போலத் தெரிந்த விஷயம்.

தவராசாவைக் கட்டிய வதனிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கலியாணமான மாதமே அவளாகக் கண்டுபிடித்தாள். வாவியிலிருந்து வரும்போது அவன் இடுப்புச் சாறன் ஈரமாக இருந்தால் சோறு வரும். காய்ந்திருந்தால் சட்டிகள் சத்தம் போடும். ஒருநாள் மழையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். இருவரும் தெப்பமாக நனைந்தார்கள்.

“என்னோட மட்டும் ஏன் நனையிறீங்க?”

“அது என்ட கையில இல்ல, வதனி.”

கோபித்துக்கொண்டு உன்னிச்சையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள். தானில்லாத வீட்டில் அவர்கள் இருவரும் நனையாமல் இருப்பதை நினைத்து நினைத்து நித்திரை வராமல் திரும்பி வந்துவிட்டாள்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த காலையில் நிஸ்தாரும் அவர்கள் வீட்டு வளவில் இருந்தான். இரண்டு ஆண்களும் கைகோர்த்து நிற்க, அலை அவர்களை விலகிப் போய் வதனியை அள்ளிக்கொண்டது. நிஸ்தார்தான் கையை உதறிவிட்டு அவள் பின்னால் பாய்ந்தான். விட்ட கணமே கடல் இருவரையும் அடித்தது. தவராசாவுக்குக் கால் முறிந்தது. வதனியின் கூந்தலைப் பிடித்துத் தென்னையோடு அணைத்துக்கொண்ட நிஸ்தாரிடம் அவள் கேட்டாள்:

“என்னை ஏன் பிடிச்ச?”

“நீ போனா அவன் அழுவான். என்னால பாக்க ஏலாது.”

அந்தப் பதிலில் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அகதி முகாமுக்குச் சோறு கொண்டுவந்த நிஸ்தாரின் தாய் ஆசியா உம்மா வதனியின் பக்கத்தில் குந்தினாள்.

“என்ட வாப்பாக்கும் ஒரு கூட்டாளி இருந்தார், மகள். சேர்ந்து நிண்டா ரெண்டு பேருக்கும் வெயில் சுடாது. உம்மா அவங்களத்தான் நெல்லு வெட்டுக் காலத்தில வயலுக்கு அனுப்புவா.”

“உங்கட உம்மாக்குக் கோபம் வரல்லயா?”

“வந்த. மௌத்தாகிக் கண்ண மூடும் வரைக்கும் வந்த.”

யுத்தம் முடிந்த வருடம் தவராசாவும் வதனியும் கட்டிய புது வீட்டில் வாவிப்பக்க அறை நிஸ்தாருக்கு என்றானது. அதைப்பற்றி ஊர்க் கூட்டம் எதுவும் கூடவில்லை. அந்த மாரியில் மூவருமாகக் காத்தான்குடிக் கடையொன்றுக்குப் போனபோது வதனி ஒரு குடை கேட்டாள்.

“ஒண்டு காணுமா, ரெண்டு மூணு வேணாமா, தங்கச்சி?” என்ற கடைக்காரர், அவளுக்குப் பின்னால் நின்றவர்களைக் கண்டதும் பெண்கள் பிடிக்கும் குடைகளை மட்டும் எடுத்து வைத்தார்.

தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வதனி வேண்டுமென்றே இருவருக்கும் நடுவில் புகுந்து, குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். அப்போதும் குடைக்கு வெளியே அவர்கள் நனையவில்லை.