எதிர்வரிசையில் ஜீன் வார்கோ

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில், காலைப் பயிற்சிக்குக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்த ஜீன் வார்கோவிடம் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வந்து, "பெரியவர் கூப்பிடுறாரு. ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு" என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் அணியிலிருந்து நீக்கம் என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சட்டென்று எல்லோருக்கும் ஷூ கயிறு கட்ட வேண்டிய வேலை வந்துவிட்டது.

பதினொரு வருடம் டொலீடோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சென்டராக இருந்தவன் ஜீன். குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுத்துவிட்டு, மறுகணமே எதிரே பாய்ந்து வருகிறவனை நெஞ்சால் தாங்க வேண்டும். ஊருக்கு அவன் முகம் தெரியாது, முதுகு எண் தெரியும். பந்தை வாங்கி வீசும் லானி ப்ரூவிட்டின் முகம்தான் ரொட்டிக் கடைச் சுவரில்கூட ஒட்டியிருந்தது.

"உன் முழங்கால் போயிடுச்சு, ஜீன்" என்றார் தலைமைப் பயிற்சியாளர் ஹாஸ்கெல். "உனக்கே தெரியும்."

"தெரியும். ஆனா முழங்கால் இல்லாமயே நாலு வருஷமா ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அவர் சிரிக்கவில்லை. கை கொடுத்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போகும் வழியில் கம்பி வேலிக்கு அப்பால் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கர்ட்டிஸ் பெல் என்ற புதியவன் குனிந்து நின்றான். அவன் பின்னால் லானி, தன் டெக்சாஸ் பேச்சின் இழுவையோடு, பந்தைக் கொடுப்பதற்கான எண்ணிக்கையைச் சொன்னான். அந்தக் குரலுக்கு ஜீனின் தோள் தானாக இறுகியது. லானி வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. நீக்கப்பட்டவனை யாரும் பார்ப்பதில்லை. அது தொற்றிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். ஜீனும் எத்தனையோ பேரை அப்படிப் பார்க்காமல் இருந்தவன்தான். இருந்தும் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

இலையுதிர் காலம் முழுக்க மனைவி மார்லீனின் அண்ணன் நடத்திய தொத்திறைச்சிக் கடையில் லாரி ஓட்டினான். வேலை பிடித்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடிக்கவில்லை. மதியம் ஒரு மணிக்குத் தெருவில் ஈ காக்கை இருக்காது. எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். ஜீன் தன் வீட்டுப் பெட்டியைப் போடவே விடமாட்டான். வெளியே போய் இலை கூட்டுவான். வீடுகளுக்குள்ளிருந்து வரும் கூச்சலை வைத்தே என்ன நடந்தது என்று அவனால் சொல்ல முடியும். பந்து நழுவினால் ஒரு சத்தம், நீளமாக வீசினால் இழுத்துப் பிடித்த மூச்சு, பிறகு வெடிப்பு.

பக்கத்து வீட்டு ஸ்டீவ் டோத், கண்ணாடி ஆலையில் ஓய்வு பெற்றவர், ஒரு நாள் சன்னலைத் திறந்தார்.

"ஏம்ப்பா, ஆட்டம் பாக்க மாட்டேன்னு சபதமாமே?"

"ஆமா, ஸ்டீவ் மாமா."

"அப்புறம் ஏன் என் சன்னலுக்குக் கீழயே நின்னு கூட்டுற? உன் வீட்டு மரத்துல இலையே இல்லியா?"

"உங்க இலை நல்ல இலை மாமா."

"உள்ள வந்து தொலையேன்டா! சூப் ஆறுது."

அவன் போகவில்லை. ஹெரன்ஸ் தோற்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் கூட்டினான். அன்று தோற்றார்கள். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. அடுத்து ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். அதுவும் பிடிக்கவில்லை.

ஏழு வருடமாகத் திங்கள் இரவெல்லாம் அவர்கள் மேசையில் சாப்பிட்டவன் லானி. கட்டிக்கொண்டவள் யாருமில்லை, சமைக்கவும் தெரியாது. முட்டைக்கோஸ் சுருட்டலை ஆறேழு தின்றுவிட்டு, சோபாவிலேயே தூங்கிப் போவான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் வாசல் மிதிக்கவில்லை.

"நான் கூப்பிடட்டுமா அவனை?" என்றாள் மார்லீன்.

"வேண்டாம். வரணும்னு தோணினா அவனே வரட்டும்."

"அவனும் அங்க இதையேதான் சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பான். ரெண்டு கழுதைங்க."

டிசம்பர் நடுவில் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தான். ஹாஸ்கெல் இல்லை. மிச்சிகனிலிருந்து, கிராண்ட் ராபிட்ஸ் அணி. அவர்களுடைய சென்டருக்குக் கணுக்கால் உடைந்திருந்தது. மாற்று ஆளுக்கு நிமோனியா. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆட்டம் டொலீடோவில். ஹெரன்ஸ் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. கிராண்ட் ராபிட்ஸுக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

மார்லீன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவங்க சிவப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு, நம்ம ஊருக்கு எதிரா?"

"ஆமா."

"முழங்கால்?"

"ஒரே ஒரு ஆட்டம்தானே."

"போகாதேன்னு சொன்னா கேப்பியா?"

"கேப்பேன்" என்றான் அவன். உண்மையாகத்தான் சொன்னான்.

அவள் துணியைத் தொங்கவிட்டாள். "கேப்பேன்னு தெரியும். அதான் சொல்ல மனசு வரல. போ."

கிராண்ட் ராபிட்ஸில் முதல் வேலையாக அவனைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினார்கள். லானியின் சைகைகள், ரகசியச் சொற்கள், எந்த எண்ணுக்கு எந்த ஆட்டத் திட்டம், எல்லாவற்றையும் கேட்டார்கள். தொழில் அப்படித்தான். சொன்னான். சொல்லச் சொல்ல வாய் கசந்தது.

"வேற ஏதாவது?" என்று கேட்டார் தற்காப்புப் பயிற்சியாளர். "அவன்கிட்ட பலவீனம்னு ஏதாவது?"

ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஓர் அடியில் லானியின் வலது கண் கெட்டுப்போயிருந்தது. வெளிச்சம் மங்கினால் அந்தப் பக்கம் அவனுக்குப் புகைதான். அணி மருத்துவரிடம்கூடச் சொல்லவில்லை. ஜீனின் வீட்டுச் சமையலறையில் சொல்லி அழுதான். அன்றிலிருந்து, வலப்பக்கம் எவன் வருவான் என்பதைக் குனிந்த நிலையிலேயே முனகி எச்சரித்தது ஜீன்தான்.

"பலவீனமா? பாட்டுப் பாடுவான். ரொம்பக் கேவலமா இருக்கும்" என்றான் ஜீன்.

ஞாயிறு பனி தூறியது. சிவப்புச் சட்டையில் மைதானத்துக்குள் ஓடியபோது அரங்கமே ஊளையிட்டது. பிறகு யாரோ அவனுடைய பழைய முதுகு எண்ணைக் கவனித்திருக்க வேண்டும். வடக்கு மூலையில், ஆலைக்காரர்கள் உட்காரும் பகுதியில், ஒருவர் பின் ஒருவராக எழுந்து கை தட்டினார்கள். டோத்தின் குரல் தனியாகக் கேட்டது. "டேய் துரோகி! இன்னும் நல்லாக் குனிடா!"

உறைந்த தரையில் கையை ஊன்றியபோது உடம்பெல்லாம் சூடு பரவியது. முதல் மோதலில் விலா எலும்பு கிறீச்சிட்டது. ஆகா என்று இருந்தது. நான்கு மாதமாக இதற்குத்தான் ஏங்கினோம் என்று நினைத்தான். ஆனால் பின்னால் எண்ணிக்கை சொன்னவன் வேறொருவன். சுருக்கமாக, அவசரமாகச் சொன்னான். ஒவ்வொரு முறையும் ஜீனின் காது இன்னொரு குரலுக்குக் காத்திருந்து ஏமாந்தது.

சென்டர், குவார்ட்டர்பேக் இருவருமே தாக்கும் வரிசைக்காரர்கள்; ஓர் அணியின் தாக்கும் வரிசை உள்ளே இருந்தால் எதிரணியின் தாக்கும் வரிசை வெளியே இருக்கும். அதனால் ஜீன் ஆடும்போதெல்லாம் லானி மைதானத்தின் எதிர்க்கரையில் போர்வைக்குள் நின்றான். லானி இறங்கியபோது ஜீன் கரையில் முழங்காலுக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தான். பகல் முழுக்க ஒரே புல்தரையில்தான் இருந்தார்கள், ஒரு நொடிகூடச் சேர்ந்து நிற்கவில்லை. அவன் காட்டிக்கொடுத்த சைகைகள் ஒன்றுக்கும் உதவவில்லை. லானி எல்லாவற்றையும் மாற்றியிருந்தான்.

நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் மங்கியது. கிராண்ட் ராபிட்ஸ் மூன்று புள்ளி முன்னால். கடைசி இரண்டு நிமிடத்தில் லானி அணியை நடத்திக்கொண்டு வந்தான். வெற்றிக் கோட்டைத் தொட இன்னும் பத்துப் பதினைந்து அடி வந்தால் போதும். அப்போது வலப்பக்க ஓரத்தில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் மெல்ல நகர்வதை ஜீன் பார்த்தான். கர்ட்டிஸ் பெல் பார்க்கவில்லை. லானியால் பார்க்க முடியாது.

ஜீன் தன்னை மறந்தான். "வலது! லானி, வலது!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பி முறைத்தார்கள். அறுபதாயிரம் பேரின் இரைச்சலில் அந்தக் குரல் மைதானத்தின் ஓரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. ஓடி வந்தவன் லானியைச் சாய்த்தான். பந்து தெறித்து உருண்டது. அதன்மேல் ஒரு சிவப்புச் சட்டை விழுந்தது. டொலீடோவின் பருவம் அத்தோடு முடிந்தது. ஜீன் ஜெயித்த அணியில் இருந்தான்.

அரங்கம் காலியான பிறகு, வீரர்கள் வெளியேறும் சுரங்கப் பாதையில் லானி காத்திருந்தான். உதடு வீங்கியிருந்தது.

"நீ சொல்லிக் குடுத்திருப்பேன்னு எல்லாத்தையும் மாத்தினேன்டா, கெழவா."

"சொல்லித்தான் குடுத்தேன்."

"கண்ணைப் பத்திச் சொல்லல."

ஜீன் மேல்கோட்டின் பொத்தானைப் போட்டான்.

"சொல்லியிருந்தா சாயங்காலம் முழுக்க அந்தப் பக்கமே வந்திருப்பானுங்க. ஒரே ஒருத்தன்தான் வந்தான், அதுவும் குருட்டு அதிர்ஷ்டம்." லானி சுவரில் சாய்ந்தான். "பெல் நல்ல பையன்தான். ஆனா குனிஞ்சா வாயே தொறக்க மாட்டான். எனக்கு அங்க தனியா நிக்கிற மாதிரியே இருக்கும்."

"வீட்டுக்கு வந்திருக்கலாமே, நீ."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது? ஹாஸ்கெல் உன்னைப் பத்தி என்கிட்டதான் கேட்டாரு. வச்சிக்கலாமா வேணாமான்னு. உனக்காக நான் வாயத் தொறக்கல, ஜீன். 'எல்லாம் அவன் முழங்காலப் பொறுத்தது'ன்னு மட்டும் சொன்னேன், அவ்வளவுதான்."

ஜீன் குனிந்து முழங்காலைத் தடவினான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது, ஆனால் அதிக நேரம் நிற்கவில்லை.

"முழங்கால் நெசமாவே போச்சுடா" என்றான். "இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

இருவரும் சுரங்கப் பாதையிலிருந்து மைதானத்துப் பக்கம் நடந்தார்கள். பிறகு ஜீன் கேட்டான்: "பந்து ஏதாவது கெடக்குதா?"

பணியாளர்கள் தார்ப்பாய் விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் மூடாத பக்கமாகப் போனார்கள். இருவரும் மேல்கோட்டில், சாதாரணக் காலணியில். பனி அடர்ந்து விழுந்தது. ஜீன் முனகிக்கொண்டே குனிந்தான். பின்னால் லானி வந்து நின்றான், தொண்டையைச் செருமினான், இழுத்து இழுத்து எண்ணினான். ஜீன் பந்தைக் கொடுத்தான். கொடுத்த வேகத்தில் உடம்பு தானாக முன்னே பாய்ந்தது. எதிரே யாருமில்லை. நாலு எட்டு தடுமாறிப் போய், வெறும் பனியில் கைகளை நீட்டியபடி நின்றான்.

திரும்பிப் பார்த்தபோது, லானி பந்தைக் காதோரம் உயர்த்தி, வீசாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"யாருக்குடா போட?" என்றான்.

தார்ப்பாய்க்காரர் ஒருவர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.